வேலியும் பாயும்

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பது நம்மவர் பழமொழி. அம்மி பறந்ததை நான் கண்டதில்லை. ஆனால், சென்ற ஆடி மாதத்தில், நம்மூர்ப் பாடசாலை ஒன்றின் வேலி சரிந்து விழுந்ததை இக்கண்களாற் கண்டேன். அதனைப் பற்றி எழுத வேண்டுமென்று அன்று தொட்டு எண்ணியிருந்தேன். இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் வேலிக்கும் பதாகைக்கும் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நூல் வெளியீடு, நினைவுப் பேருரை, முத்தமிழ் விழா, பாடசாலை ஆண்டு விழா ஆகிய யாவற்றுக்கும் வேலிதோறும் பதாகை கட்டுகின்றவர்கள் இப்பக்கத்தை வாசிக்கும் நாமேயல்லவா? ஆதலின், இக்குற்றச்சாட்டு நம் வீட்டு முற்றத்துக்கே உரியது.

அப்பாடசாலையின் வேலி கொங்கிறீட் தூண் நாட்டி, கம்பிவலை பிணைத்து அமைத்த வேலி. பல ஆண்டு வாடையையும் சோளகத்தையும் அசையாது கண்டது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, 20 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட பிளெக்ஸ் பதாகை ஒன்றை அதன்மீது இறுகக் கட்டினார்கள். மறுநாட் பிற்பகல் மூன்று மணியளவில் சோளகம் ஓங்கி வீசியது. பதாகை ஒருமுறை விம்மியது. பின்னர் இரண்டு தூண்கள் அடியோடு முறிந்து, கம்பிவலையும் பதாகையும் ஒருங்கே வீதியிற் சாய்ந்தன. பிள்ளைகள் வீடு சென்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வேலி நிழலில் நாடோறும் கடகம் வைத்துக் கச்சான் விற்கும் ஆச்சி, புழுதி கண்ணிற் படுகிறதென்று அன்று எதிர்ப்பக்கம் போய் அமர்ந்திருந்தார். இல்லையேல், இக்கட்டுரை வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.

கூட்டம் கூடியது. தூணிற் சீமெந்து போதாது என்றார் ஒருவர். காற்றுப் பொல்லாதது என்றார் மற்றொருவர். ஆச்சி மாத்திரம் என்னைப் பார்த்து, “மாஸ்ரர், வேலியிலை பிழையில்லைக் கண்டியளோ. வேலிக்குப் பாய் கட்டினால் அது வள்ளந்தானே, ஓடத்தானே பாக்கும்” என்றார். கடற்கரையிற் பிறந்து வளர்ந்தவர் அவர். நாற்பது வருஷம் பாடஞ் சொன்ன நான், அந்த ஒரு வாக்கியத்தின் முன் வாயடைத்து நின்றேன்.

ஆம், வேலி என்பது வேறு. பாய் என்பது வேறு. கம்பிவலை வேலி காற்றைத் தடுப்பதற்காக அமைந்ததன்று. ஆடுமாடு நுழையாதிருக்கவும் எல்லை காட்டவும் அமைந்தது. அதன் கண்களினூடாகக் காற்றுத் தாராளமாகப் போய்வருகிறது. ஆகவே தூண்கள் தம் சொந்தப் பாரத்துக்கு மேல் அதிகம் எதையும் தாங்க வேண்டியதில்லை. அதன்மேல் துளையற்ற பிளாஸ்டிக் துணியொன்றை இழுத்துக் கட்டிய கணமே, அது வேலியாயிருப்பதை விட்டுப் பாயாகி விடுகிறது. காற்றுக்கு வழி மூடப்படுகின்றது. வழி மூடப்பட்ட காற்று, தனக்கு வழியைத் தானே உண்டாக்கிக் கொள்கின்றது.

இதனை எண்ணிக்கையிற் சொன்னால் இன்னும் விளங்கும். 20 அடிக்கு 4 அடி என்றால் 80 சதுர அடி. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று நேர் எதிரே மோதும்போது, அவ்வளவு பரப்பின் மீது ஏறக்குறைய 55 கிலோ நிறைக்கு ஒப்பான விசை விழுகின்றது. ஒரு மூடை அரிசிக்குச் சற்று அதிகம் என்று கொள்ளலாம். காற்றின் வேகம் இரட்டித்து 72 கிலோமீற்றரானால் விசையும் இரட்டிக்கும் என்று எண்ணுவோர் பலர். அஃது இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. 200 கிலோவைத் தாண்டி விடுகிறது. காற்றுத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது நாம் வகுப்பிற் படிப்பிக்கும் பாடம். கரும்பலகையிற் படிப்பித்துவிட்டு, வெளியே வந்து வேலியில் அதை மறந்து விடுகிறோம்.

இன்னுமொன்று. பதாகையை ஆறடி வேலியின் உச்சியோடு ஒட்டிக் கட்டுவதே வழக்கம். அப்பொழுதுதான் தூரத்திலிருந்து தெரியும் என்பார்கள். உச்சியிற் கட்டிய நாலடிப் பதாகையின் நடுப்பகுதி நிலத்திலிருந்து நாலடி உயரத்தில் நிற்கும். காற்றின் விசை அந்த நாலடிப் பிடியைக் கொண்டு தூணின் அடியை நெம்புகிறது. அதே பதாகையை ஓரடி இறக்கிக் கட்டினால் நெம்பும் வலிமை காற்பங்கு குறைந்து போகும். ஓரடி இறக்குவதனால் அழைப்பின் பெருமை ஓரடி இறங்கி விடாது.

நம் முன்னோர் இக்கணக்கைத் தாளில் எழுதியவர்களல்லர். ஆயினும் கையால் அறிந்திருந்தார்கள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்த மக்கள் நாம். காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவன் அதனோடு பழகியவன். யாழ்ப்பாணத்துப் பழைய வேலியைப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்று, வேர்கொண்டு, காற்றுக்கு வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும். கருக்குமட்டை வேலியின் இடுக்குகளினூடாகக் காற்றுச் சீழ்க்கையடித்துக் கொண்டு போகும். கிடுகு வேலியிற்கூட ஓலைக்கும் ஓலைக்கும் இடையே காற்றுப் புகும். பெருங்காற்று வந்தால் நாலைந்து கிடுகு பிய்ந்து போகுமேயொழிய வேலி படுப்பதரிது. அடுத்த பருவத்தில் மீண்டும் அடைத்து விடுவார்கள். கொடுக்க வேண்டிய இடத்திற் கொடுத்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே அவ்வேலியின் சூட்சுமம்.

கடலோடிகளும் இதையே அறிந்திருந்தார்கள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பாயை விரிக்கத் தெரிந்ததனால் மாத்திரம் எந்தக் கப்பலும் அவ்வளவு தூரம் போவதில்லை. காற்று மிகும்போது பாயைச் சுருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தைப்பொங்கலன்று அதே வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் ஏற்றும் சிறுவனைக் கேட்டாலும் சொல்லுவான்: முச்சை பிழைத்தாற் பட்டம் பிழைத்தது. எந்த இடத்திற் கட்டுவது, எவ்வளவு இழுப்பது, எவ்வளவு இளக்குவது என்பவற்றில் அவன் காட்டும் அக்கறையில் அரைப்பங்குதானும், விழாச் செயலாளராகிய நாம் பதாகை கட்டுவதிற் காட்டுவதில்லை.

நாம் எதில் அக்கறை காட்டுகின்றோம்? எழுத்தில். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று மூன்று பேர் பார்வையிடுகிறோம். தலைவர் பெயர் முன்னா, பிரதம விருந்தினர் பெயர் முன்னா என்று இரண்டு மணி நேரம் விவாதிக்கிறோம். பின்னர், அச்சாகி வந்த பதாகையை ஒரு மாணவன் கையிற் கொடுத்து, “தம்பி, இதை எங்கையாவது கட்டிவிடு” என்கிறோம். அவனும் கையிற் கிடைத்த கயிற்றால் நாலு மூலையைக் கட்டிவிட்டு வருகிறான். சொல்லை எழுதுவது நம் கடமை, அதைத் தாங்கும் கட்டு எவனோ ஒருவனுடைய கடமை என்று இருந்து விடுகிறோம். நான் குறைகூற வந்தது இந்த மனப்பான்மையைத்தான்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பிற நாடுகளிற் கட்டட வேலை நடக்கும் இடங்களின் வேலிகளிலும் விளையாட்டரங்குகளைச் சூழ்ந்த வேலிகளிலும் நெடுங்காலமாக வலைத்துணிப் பதாகையே வழங்கி வருகிறது. பொலியெஸ்ரர் நூலை வலைபோல நெய்து, அதன்மேல் பீவீசீ பூசிய துணி அது. கிட்டப் போய்ப் பார்த்தால் சல்லடை போல் நுண்துளைகள் தெரியும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எழுத்து மாத்திரம் தெரியும். வகைக்கு வகை வேறுபடுமெனினும், பரப்பில் மூன்றிலொரு பங்கு அளவு துளையாக உள்ள துணியே பெரிதும் வழக்கிலுள்ளது. காற்றின் ஒரு பகுதி அத்துளைகளாற் கழிந்து விடுவதால், துணி பாய்போல் விம்மி எழுவதில்லை. படபடவென்று அடித்துத் தன்னைத் தானே கிழித்துக் கொள்வதும் குறைகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வலைத்துணி காற்றின் விசையைக் குறைக்கின்றதேயொழிய ஒழிப்பதில்லை. வலைத்துணிதானே என்று எண்ணி, இற்றுப்போன தூணிலும் ஆடும் வேலியிலும் அதைக் கட்டுவது பேதைமை. முதலிற் தூணைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் அவ்வேலியிற் பதாகை ஆகாது. வலைத்துணியின்மேல் வேறொரு விளம்பரத்தை ஒட்டுவதும், இரண்டு துணியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுவதும் துளைகளை அடைத்து, அதைப் பழைய பிளெக்ஸ் ஆகவே மாற்றிவிடும்.

“பிளெக்சிலேயே அரைவட்டமாக நாலைந்து வெட்டு வெட்டிவிட்டாற் போதாதா?” என்று கேட்பர் சிலர். ஊரெங்கும் காணும் வழக்கம் இது. கணக்குப் பார்ப்போம். ஆறங்குல விட்டமுள்ள பத்து அரைவட்டங்களை வெட்டினாலும், அவை முழுதும் திறந்து கொண்டாலும், கிடைக்கும் வழி ஏறக்குறைய ஒரு சதுர அடி. எண்பது சதுர அடியில் ஒன்று! எண்பது பேர் நிற்கும் மண்டபத்தில் ஒருவர் வெளியேறியதற்கு ஒப்பாகும். அந்த வெட்டு வாய்களிலிருந்தே கிழிசலும் தொடங்கும். இது மனச் சமாதானத்துக்கு உதவுமேயன்றி வேலிக்கு உதவாது.

துணி நல்லதானாலும் கட்டு நல்லதாயிருத்தல் வேண்டும். ஓரம் முழுவதும் மடித்துத் தைத்து, இரண்டடிக்கு ஒன்றாக உலோக வளையமிட்ட கண்கள் வைக்க வேண்டும். கண் இருக்கும் ஒவ்வோரிடத்திலும் கட்டு இருக்க வேண்டும். மூலைகளில் மட்டும் கட்டினால் முழு விசையும் நாலு கண்களில் விழுந்து, அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிய்ந்து போகும். மேல் மூலை இரண்டையும் முதலிற் கட்டி, பின்பு மேல்விளிம்பை நடுவிலிருந்து இருபுறமும் இழுத்துக் கட்டி, அதன்பின் கீழ்விளிம்பையும் பக்கங்களையும் கட்டுவது முறை. தொய்வு இருத்தலாகாது, காற்றில் அடிபடும் துணி, காற்றைவிடத் தன் தொய்வினாலேயே அழிகிறது. நீண்ட கயிறொன்றை எல்லாக் கண்களிலும் கோத்துக் கட்டுவோர், ஓரிடத்தில் அக்கயிறு அறுந்தால் முழுவதும் இளகிவிடும் என்பதை நினைக்க வேண்டும். கண்ணுக்கொரு கட்டாகத் தனித்தனியே கட்டினால் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும்.

எதனாற் கட்டுவது? கட்டுக்கம்பி வேண்டாம், அது கண்ணை அறுக்கும், வேலியோ அறுமுன் அதுவோ அறாது. கடைகளிற் கேபிள் டை என்று விற்கும் பிளாஸ்டிக் நாடா நல்லது. வெள்ளை நிறத்ததைக் காட்டிலும் கறுப்பு நிறத்தது வெயிலுக்கு நின்றுபிடிக்கும். நம்மூரார் பழைய சைக்கிள் ரியூபை நாடாவாகக் கிழித்துக் கட்டுவதும் ஏளனத்துக்குரியதன்று. காற்று இழுக்கும்போது நீண்டு, விட்டபின் சுருங்கும் குணம் அதற்குண்டு. ஆனால் வெயிலில் வெடித்துப் போகுமாதலின் அடிக்கடி பார்த்துக் கொள்ள வேண்டும். மேற்கட்டு வலியதாகவும் கீழ்க்கட்டு அதைவிட மெலியதாகவும் இருப்பது விவேகம். எதிர்பாராத பெருங்காற்று வந்தால் முதலிற் கீழ்க்கட்டு அறுந்து, துணி மேலெழுந்து காற்றைப் போக்கிவிடும், வேலி தப்பும். கிடுகு பிய்ந்து வேலி நின்ற பழைய நியாயமே இது. அறுந்த கட்டைக் கண்டதும் ஒருவர் சென்று பதாகையை இறக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசை நோக்கிய பக்கத்திற் பதாகையைக் கட்டினால், காற்று அதை வேலியோடு சேர்த்து அழுத்தும்; மறுபக்கத்திற் கட்டினால் வேலியிலிருந்து பிடுங்கும். சோளகக் காலத்தில் தென்மேற்கு, மாரியில் வடகிழக்கு. எந்த வேலியில் எந்தப் பருவத்திற் கட்டுவது என்பதை இதைக்கொண்டே தீர்மானிக்கலாம். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் தொடங்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 காற்றுச்சுழலிகள் நின்று 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின்வலுவைத் தரவல்லனவாக இருக்கின்றன. நம் வடகரைக் காற்று எத்தகையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அக்காற்றின் எதிரே நாலு முடிச்சோடு ஒரு துணியை நிறுத்தப் பார்ப்பவர்கள் நாம். 1964 டிசெம்பரில் வடபகுதியையும், 1978 நவெம்பரில் மட்டக்களப்பையும் புயல் தாக்கியதை மறவாத முதியோர் இன்றும் இருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை வந்த பின்னர் எந்தத் துணியும், எந்தக் கட்டும் பயன்படா. இறக்கிச் சுருட்டி உள்ளே வைப்பதொன்றே வழி.

வலைத்துணிக்கு எதிராக இரண்டு நியாயங்கள் கூறப்படும். ஒன்று, விலை. துணிக்குத் துணி பார்த்தால் விலை கூடியதுதான். விழுந்த வேலியை நிமிர்த்த ஆன செலவைக் கேட்டபின் அப்பாடசாலையில் எவரும் விலை பேசவில்லை. அன்றியும், விழா முடிந்தபின் வலைத்துணியை நாற்றுமேடைக்கு நிழற்பந்தலாக இடலாம். எந்தத் துணியாயினும் பீவீசீ பூசியதைக் குப்பையோடு கொளுத்துவது மாத்திரம் தகாது; அப்புகை நஞ்சு.

மற்றது, தெளிவு. வலைத்துணியிற் சிறிய எழுத்தும் நிழற்படமும் அத்துணை துலக்கமாக விழா என்பார்கள். உண்மைதான். இதை நான் அதன் குறையாகக் கொள்ளவில்லை, குணமாகவே கொள்கிறேன். விழாவின் பெயர், நாள், நேரம், இடம் இவை நான்கும் பெரிய எழுத்தில் இருந்தால் வழிப்போக்கனுக்குப் போதும். நாமோ பதினெட்டுப் பிரமுகர்களின் முகங்களையும், ஒவ்வொருவர் பெயருக்கு முன்னும் பின்னும் அவர்தம் பட்டங்களையும் அச்சிடுகின்றோம். பட்டங்கள் பெருகப் பெருகச் சதுர அடி பெருகுகின்றது. சதுர அடி பெருகப் பெருகக் காற்றின் பிடி பெருகுகின்றது. பட்டம் காற்றில் ஏறுவது இயல்பே. அதற்கு வேலியையும் கூட்டிக்கொண்டு போவதுதான் அநியாயம். எட்டுச் சொல்லாற் சொல்லக்கூடியதை எண்பது சொல்லாற் சொல்வது நல்ல தமிழன்று என்று மாணவருக்கு உபதேசிக்கும் நாம், வேலியில் அதைச் செய்து காட்டலாமே!

இவையெல்லாம் சிறு விஷயங்கள், இதற்கு இத்தனை எழுத்தா என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வேன். 2019 செப்டெம்பரிற் சென்னைப் பள்ளிக்கரணையில், வீட்டுக் கலியாணம் ஒன்றுக்காக வீதி நடுவிற் கட்டிய பதாகை, இருசக்கர வண்டியிற் சென்ற 23 வயதுப் பெண்பிள்ளை மீது விழுந்தது. அவள் நிலை தடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லொறி ஏறி உயிர் நீத்தாள். வாழ்த்துச் சொல்ல வந்த துணி அது. 2024 மே மாதத்தில் மும்பாய் காட்கோபரில், புழுதிக் காற்றிற் சரிந்த பெரு விளம்பரப் பலகை 17 உயிர்களைப் பலி கொண்டது. நம் வேலிப் பதாகை அவற்றோடு ஒப்பிடுகையிற் சிறியதுதான். ஆனால் அதன் கீழே கடகம் வைத்து அமர்ந்திருக்கும் ஆச்சிக்கும், அதனருகே பேருந்துக்கு நிற்கும் பிள்ளைக்கும் அது சிறியதன்று.

ஆகவே, நம் பாடசாலைகளுக்கும், சனசமூக நிலையங்களுக்கும், இலக்கிய வட்டங்களுக்கும் நான் விண்ணப்பிப்பது இவ்வளவே. வேலியிற் கட்டுவதானால் வலைத்துணியிற் சிறிதாகக் கட்டுங்கள். நீண்டது ஒன்றைக் கட்டுவதிலும், இடைவெளி விட்டுச் சிறியன இரண்டு கட்டுங்கள். விழாக் குழுவிற் பொருளாளரும் செயலாளரும் இருப்பது போலப் பதாகைக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கட்டும். கட்டும்போது உடன் நிற்பதும், காலை மாலை கட்டைப் பார்ப்பதும், காற்று மிகுந்தால் இறக்குவதும், விழா முடிந்த மறுநாள் அவிழ்ப்பதும் அவர் கடமை. அவர் மாணவனாயிருக்க வேண்டாம், நம்மில் ஒருவராயிருக்கட்டும். நமது சொல்லைப் பொதுவீதியில் நிறுத்துகின்றோமென்றால், அது எவர் தலையிலும் விழாமற் பார்த்துக் கொள்வதும் அச்சொல்லைச் சேர்ந்த பொறுப்பே.

அப்பாடசாலை வேலி இப்பொழுது மீண்டும் நிமிர்ந்து நிற்கின்றது. சென்ற வாரம் விளையாட்டுப் போட்டிக்காக அதில் ஒரு சிறு வலைப்பதாகை கட்டினார்கள். போட்டியின் பெயரும் நாளும் மாத்திரம் அதில் இருந்தன. காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. ஆச்சி கடகத்தோடு தம் பழைய இடத்தில் அமர்ந்திருந்தார். “என்ன ஆச்சி, இது ஓடாதோ?” என்று கேட்டேன். அவர் எழுந்து துணியருகே கையை வைத்துப் பார்த்தார். “காத்து இஞ்சாலும் வருது மாஸ்ரர்” என்று சொல்லி, எனக்கு ஒரு சுருள் கச்சான் தந்தார்.